எண்ணை நம்பலாமா?

மதுரையிலிருந்து தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்கு வந்து, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைத் தாண்டி, மூணாறுக்கும் அதற்கப்பால் கொச்சிக்கும் செல்லும் மலைச் சாலையை நேயர்களில் பலர் அறிந்திருப்பார்கள். அச்சாலைக்கு நெடுங்காலம் 49 என்பது எண். 2010-இல் இந்திய அரசாங்கத்தார் தேசிய நெடுஞ்சாலைகளுக்கெல்லாம் புதிய எண் வழங்கியபோது அது 85 ஆயிற்று. சாலை ஓர் அடி கூட நகரவில்லை. ஏலக்காயின் வாசனையும் குறையவில்லை. எண் மட்டும் மாறிற்று. பழைய 49 என்ன ஆயிற்று என்று கேட்டால், அதுவும் சும்மா இருக்கவில்லை. வடக்கே பிலாஸ்பூரிலிருந்து கரக்பூருக்குப் போகும் வேறொரு சாலைக்கு அது சூட்டப்பட்டுவிட்டது. ஆகவே, பழைய வழிகாட்டிப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, '49-ஆம் எண் சாலையில் சென்றால் ஏலமலை வரும்' என்று நம்பிப் புறப்படுகிறவர், வங்காளத்து எல்லையில் நின்று ஏலக்காய்த் தோட்டத்தைத் தேட வேண்டியதுதான்.

எண் ஒன்று அடியோடு அழிந்து போனால் அதனால் பெரிய தொல்லையில்லை. தேடுகிறவன், 'இல்லை' என்று தெரிந்து வேறு வழி பார்ப்பான். அழியாமல், வேறொன்றைச் சுட்டிக்கொண்டு உயிரோடிருக்கும் எண்தான் பொல்லாதது. நெடுஞ்சாலை விஷயத்தில் இது வேடிக்கைப் பேச்சாக முடிந்துவிடும். நம்முடைய தொழிலிலோ இதனால் ஒரு பெண்ணின் மூன்று வருஷத்து உழைப்பு வீணாகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை எழுந்தது.

நாம் போடியில் இருந்துகொண்டு கணித ஆராய்ச்சிக் கட்டுரைகளை அச்சுக்குத் தயார் செய்து கொடுத்து வருகிறோம். 'ஏலக்காய் ஊரில் இது என்ன தொழில்?' என்று அண்டை வீட்டார் கேட்பதுண்டு. விடியற்காலையில் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகின்றன. பகலில் ஸ்பைசஸ் போர்டின் ஏல நிலையத்தில் வியாபாரிகள் கணிப்பொறியின் முன் அமர்ந்து விலை கேட்கிறார்கள். இத்தனைக்கும் நடுவே ஒரு வீட்டு மாடியில் ஒருவர், காய்க்கும் விலைக்கும் சம்பந்தமில்லாத தொகைக் குறிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது ஊராருக்கு விநோதமாகத்தான் இருக்கும். ஆனால் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள நிலையங்கள் அயல்நாட்டுப் பிரசுரகர்த்தர்களுக்காக இவ்வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகின்றன. தந்தி வேகத்துக்கு மேற்பட்ட வேகத்தில் கடிதம் போய் வரும் இந்நாளில் அதை மலையடிவாரத்திலிருந்தும் செய்யலாம்.

கணிதக் கட்டுரை என்பது கதையைப் போலத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே ஓட்டமாக வாசிக்கப்படுவதன்று. ஒவ்வொரு வாக்கியமும் தனக்கு முன் வந்த ஒன்றின் தோளில் ஏறி நிற்கும். '3-ஆவது துணைத்தேற்றத்தின்படி', '(12)-ஆம் சமன்பாட்டை இங்கே இட', '5-ஆவது தேற்றத்தால்' என்று பக்கத்துக்குப் பத்து இடங்களிலாவது வரும். இந்தச் சுட்டுகளே கட்டுரையின் எலும்பும் நரம்பும். அவற்றை எடுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் அறிவிப்புகளின் குவியல்.

நம் கும்பகோணத்து இராமாநுஜன், பள்ளிப் பருவத்தில், 1903-இல், இரவல் வாங்கிப் படித்துக் கணிதப் பித்துக் கொண்டதாகச் சொல்லப்படும் புத்தகம் ஜி. எஸ். கார் என்ற ஆங்கிலேய ஆசிரியர் தொகுத்தது. அதில் கூற்றுகளுக்கு 6165 வரை எண்கள் போடப்பட்டிருக்கின்றன. நிரூபணம் என்று தனியாக விரித்துச் சொல்வது மிகக் குறைவு. பல இடங்களில் இன்ன இன்ன எண்களைப் பார்த்துக்கொள்க என்ற சுட்டே நிரூபணம். அவ்வெண்களைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் தாவித் தாவித்தான் அச்சிறுவன் உலகம் வியக்கும் கணிதத்தைக் கற்றான். அவ்வெண்களில் நூறு தப்பாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாயிருக்கிறது! (ஒருகால் இராமாநுஜன் சரியான எண்ணைத் தானே கண்டுபிடித்துக்கொண்டிருப்பான், எல்லாரும் இராமாநுஜன் ஆவதில்லை.)

அந்தக் கார் என்பவர் மற்றொரு தந்திரமும் செய்திருந்தார். எண் வரிசையில் ஆங்காங்கே வேண்டுமென்றே இடைவெளி விட்டார். பின்வரும் பதிப்பில் புதிதாக ஏதேனும் சேர்க்க நேர்ந்தால், பழைய எண்களையும் சுட்டுகளையும் கலைக்காமல் அந்தக் காலி இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம் அல்லவா? பந்தியில் பின்னால் வரும் சம்பந்திக்காக இரண்டு இலையை விட்டு வைப்பது போன்ற யோசனை. ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்தில் இதைவிட நல்ல உபாயம் இல்லை.

இந்த விஷயம் நம் முன்னோருக்கும் புதிதன்று. தொல்காப்பியத்து மரபியலில் நூல் செய்வதற்கு உரிய உத்திகள் என்று முப்பத்திரண்டு எண்ணப்படுகின்றன. பின்னே சொல்லப் போவதை 'மொழிவாம்' என்று குறிப்பது ஓர் உத்தி. முன்னே சொன்னதைக் 'கூறிற்று' என்று சுட்டுவது மற்றோர் உத்தி. ஆசிரியன் தானே ஒரு குறியீட்டுப் பெயரை வைத்துக்கொள்வது இன்னோர் உத்தி. இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கணிப்பொறிச் சங்கதி முழுதும் விளங்கிவிடும். ஓலைச்சுவடியில் பக்க எண்ணை நம்பிச் சுட்டுவதற்கு வழியில்லை. ஒருவர் ஏட்டில் இருபதாம் ஓலையில் இருப்பது இன்னொருவர் ஏட்டில் இருபத்தைந்தாம் ஓலையில் இருக்கும். ஆகையால் பெயரைச் சொல்லியே சுட்டினார்கள். 'மேலே' என்ற நம் சொல்லை மட்டும் அவ்வளவாக நம்பக்கூடாது. 'மேற்சொன்ன' என்றால் முன்னே போனது. 'இனிமேல்' என்றால் பின்னே வருவது. மலையூரில் 'மேலே' என்றால் தோட்டம். அது கிடக்கட்டும்.

சென்ற வருஷம் ஒரு மாலை நம் தெருவிலிருக்கும் ஓர் அம்மாள் தம் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் ஏலக்காய்க் கிடங்கு ஒன்றில் காய்களைச் சலித்துத் தரம் பிரிக்கும் வேலை செய்பவர். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நின்ற காய் எது, நழுவிய காய் எது என்பதைச் சல்லடை இல்லாமலே விரலால் சொல்லிவிடக்கூடியவர். பெண் கணிதத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். வீட்டிலேயே பள்ளிப் படிப்பைத் தாண்டிய முதல் பெண் அவள்தான்.

பெண்ணின் கையில் ஒரு கடிதம் இருந்தது. ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்த அவளுடைய கட்டுரையை, அக்கட்டுரையைப் பரிசீலித்த நிபுணர் நிராகரித்திருந்தார். காரணம் இரண்டே வரி: '6-ஆவது தேற்றத்தின் நிரூபணம் 6-ஆவது தேற்றத்தையே ஆதாரமாகக் கொள்கிறது. இது வட்டத்தில் சுற்றும் வாதம்.'

"மாமா, நான் அப்படி எழுதவே இல்லை. ஆனால் அச்சில் அப்படித்தான் இருக்கிறது" என்றாள் அந்தப் பெண். அழவில்லை, அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அவளுடைய பல்கலைக்கழகத்து விதிப்படி, ஒரு கட்டுரையாவது பத்திரிகையில் ஏற்கப்பட்டால் அன்றி ஆராய்ச்சி நூலைச் சமர்ப்பிக்க இயலாது. உபகாரச் சம்பளமோ ஆறு மாதத்தில் முடிகிறது.

கட்டுரையை வாங்கிப் பார்த்தோம். நடந்தது இதுதான். முதலில் எழுதியபோது துணைத்தேற்றங்களும் தேற்றங்களுமாகச் சேர்ந்து 1 முதல் 9 வரை ஒரே வரிசையாக எண் பெற்றிருந்தன. 7-ஆவதன் நிரூபணத்தில் '(6)-ஆல் இது பெறப்படும்' என்றிருந்தது. அது முழுக்கச் சரி. பிறகு அவளுடைய பேராசிரியர், '2-ஆவது துணைத்தேற்றம் எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது; எடுத்துவிடு' என்றார். எடுத்தாள். உடனே 3 என்பது 2 ஆயிற்று; 6 என்பது 5 ஆயிற்று; 7 என்பது 6 ஆயிற்று. தலைப்புகளின் எண்களைக் கணிப்பொறி தானே மாற்றிக்கொண்டது. ஆனால் நிரூபணங்களுக்குள் அவள் கையால் எழுதி வைத்திருந்த எண்களைக் கணிப்பொறி தொடவில்லை. ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அவளே மாற்றினாள். நாற்பது இடங்களில் மாற்றியவள் ஓர் இடத்தில் விட்டுவிட்டாள். பழைய 7, இப்போது 6. அதனுள்ளே இன்னமும் '(6)-ஆல்' என்றே இருந்தது. தன்னைத் தானே சாட்சியாக அழைக்கும் வாதியைப் போல ஆகிவிட்டது அந்தத் தேற்றம். நிபுணரைக் குறை சொல்ல இடமில்லை. அவர் கண்ணுக்கு எழுத்துத்தான் தெரியும், எழுதியவளின் கருத்துத் தெரியாது.

கணிதத்தில் யாதொரு குற்றமும் இல்லை. ஓர் இலக்கம் பிசகிற்று. அவ்வளவே.

இதில் வருத்தம் தரும் செய்தி என்னவென்றால், இந்த வியாதிக்கு மருந்து கண்டுபிடித்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் டொனால்டு கனூத் என்ற பேராசிரியர், தம்முடைய பெருநூலின் இரண்டாம் பாகத்துப் புதிய பதிப்பின் அச்சுப் படிகளை 1977-இல் பார்த்தார். பழைய ஈய எழுத்தின் அழகு போய், புகைப்பட முறையில் வந்த எழுத்துகள் அவருக்கு அருவருப்பூட்டின. 'நானே அச்சுக்கோப்பதற்கு ஒரு முறை செய்கிறேன்' என்று புறப்பட்டு, 1978-இல் 'டெக்' என்ற ஒன்றை ஆக்கி, பின்னர் 1982-இல் அதைத் திருத்தியமைத்து, உலகத்தாருக்கு இலவசமாகவே வழங்கிவிட்டார். கலைக்கும் கைத்தொழிலுக்கும் பொதுவான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் என்பவர் 'லேடெக்' என்ற மேல்கட்டடத்தை எழுப்பினார். அதற்கு அவர் எழுதிய கையேடு 1986-இல் வெளியாயிற்று. கணிதக்காரர்களும் பௌதிகக்காரர்களும் இன்று பெரும்பாலும் இதில்தான் எழுதுகிறார்கள். அந்தப் பெண்ணும் அதில்தான் எழுதியிருந்தாள். வண்டியில் பூட்ட மாடு இருந்தும், அதைக் கட்டி வைத்துவிட்டுக் கையால் இழுத்து வந்திருந்தாள். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை.

முறை மிகவும் எளிது. தேற்றத்தைத் தொடங்கும் இடத்தில் 'லேபில்' என்ற கட்டளையால் அதற்கு ஒரு பெயரைச் சூட்டிவிட வேண்டும். சுட்ட வேண்டிய இடத்தில் எண்ணை எழுதாமல், 'ரெஃப்' என்ற கட்டளையோடு அந்தப் பெயரை எழுத வேண்டும். கணிப்பொறி முதல் தடவை கட்டுரையைத் தொடக்கத்திலிருந்து கோத்துக்கொண்டு போகும்போது, ஒவ்வொரு பெயரையும் அதற்குக் கிடைத்த எண்ணையும், பக்கத்தையும், ஒரு துணைக் கோப்பில் குறித்துக்கொள்ளும். இரண்டாம் தடவை கோக்கும்போது அக்கோப்பை முதலில் வாசித்துவிட்டு, பெயர் வருமிடமெல்லாம் எண்ணைப் பொருத்தும்.

ஏன் இரண்டு தடவை? பின்னே வருவதை முன்னே சுட்டுவது உண்டல்லவா? முதல் நடையில் கணிப்பொறி இன்னும் அவ்விடத்துக்குப் போயே சேரவில்லை. ஆகவே எண் தெரியாது. தெரியாததைத் தெரிந்தது போல் அது எழுதுவதில்லை. தடித்த எழுத்தில் இரண்டு கேள்விக்குறிகளைப் போட்டு நிறுத்திவிடும். இந்த நேர்மை நமக்கு மிகவும் பிடித்த அம்சம். மனிதர் கையால் எழுதிய பழைய எண், பொய்யென்று முகத்தில் தெரியாத பொய். கேள்விக்குறியோ தெரு முனையில் நின்று கூவும்.

இதை அந்தப் பெண்ணுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, முதல் ஓட்டத்தில் பக்கமெங்கும் இரட்டைக் கேள்விக்குறிகள் வந்து விழுந்தன. பக்கத்தில் அமர்ந்திருந்த தாயார், "அண்ணே, அது என்ன கேட்கிறது?" என்றார்.

பெண்ணே பதில் சொன்னாள். தேற்றத்துக்குப் பெயர் வைத்திருக்கிறோம், அது எத்தனையாவது இடத்தில் இருந்தாலும் அந்தப் பெயரைக் கொண்டே கண்டுபிடிக்கும், இன்னும் ஒரு முறை ஓட்டினால் எண் வந்துவிடும் என்றாள்.

"இதற்கா இவ்வளவு நாள் கஷ்டப்பட்டாய்? கிடங்கில் மூட்டைக்கு மூட்டை சீட்டுக் கட்டுகிறோமே, அதுதானே இது? வரிசையில் மூன்றாவது மூட்டை இன்னார் காய் என்று வாயால் சொல்லி வைத்தால், நடுவிலே ஒரு மூட்டையை எடுத்த உடனே ஒருவர் காய் இன்னொருவர் காயாகப் போய்விடும். சீட்டு மூட்டையோடே நகரும்" என்றார் அந்த அம்மாள்.

லாம்போர்டின் கையேட்டைப் படித்திருக்கிறோம். இவ்வளவு சுருக்கமாக அவரும் சொல்லவில்லை.

சீட்டில் என்ன எழுதுவது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். பெண் முதலில் 'துணைத்தேற்றம்5' என்று எண்ணையே பெயராக வைக்கத் தொடங்கினாள். பலரும் இதைச் செய்கிறார்கள். நாளை அது 4 ஆனால் பெயர் பொய்யாகிவிடும். கணிப்பொறி குழம்பாது, எழுதுகிறவர் குழம்புவார். ஆகையால் பொருளைப் பெயராக வை என்றோம்: 'மேல்வரம்பு', 'ஒருமைத்தன்மை', 'முக்கியத்தேற்றம்' என்பன போல. முன்னே ஒரு சிறு குறியைச் சேர்த்து, இது தேற்றம், இது சமன்பாடு, இது படம் என்று இனம் பிரித்துக்கொள்வதும் நல்லது.

படங்களின் விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. படத்துக்கு எண் தருவது படமன்று, அதன் கீழே எழுதும் விளக்கத் தலைப்பு. தலைப்புக்கு முன்னே பெயரைச் சூட்டிவிட்டால், அப்பெயர் படத்தின் எண்ணை விட்டுவிட்டு, அப்போது நடந்துகொண்டிருக்கும் பிரிவின் எண்ணைப் பற்றிக்கொள்ளும். கேள்விக்குறியும் வராது, எச்சரிக்கையும் வராது. '2-ஆவது படத்தைக் காண்க' என்பது '4-ஆவது படத்தைக் காண்க' என்று அச்சாகும். அந்தக் கட்டுரையில் நான்கு படங்களே இல்லாமலும் இருக்கும். தலைப்புக்குப் பிறகே லேபில்: இதைச் சுவரில் எழுதி ஒட்டலாம். ஒரு சமன்பாட்டை நகல் எடுத்து ஒட்டும்போது அதன் பெயரும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு, இரண்டு பேருக்கு ஒரே பெயர் ஆகிவிடுவது மற்றொன்று. அதற்குக் கணிப்பொறி குறிப்பேட்டில் எச்சரிக்கை எழுதுகிறது. குறிப்பேட்டைப் படிக்கிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

எண்ணோடு இனத்தையும் கணிப்பொறியே எழுதும்படி செய்வது இன்னும் உத்தமம். டோபி கியூபிட் என்ற ஆராய்ச்சியாளர் ஆக்கிய 'கிளெவர்ரெஃப்' என்ற துணைக் கருவி இதைச் செய்கிறது. துணைத்தேற்றம் ஒன்றைப் பிற்பாடு தேற்றமாகப் பதவி உயர்த்தினால், அதைச் சுட்டுமிடமெல்லாம் பெயரும் தானே மாறிவிடும். அந்தப் பெண் வெறும் '(6)' என்று எழுதாமல் இனத்தையும் சேர்த்து எழுதியிருந்தால், பழைய 6 துணைத்தேற்றம், புதிய 6 தேற்றம் என்பதால் நிபுணருக்கே சந்தேகம் தட்டியிருக்கும்.

தலைசுற்றும் நோய் ஒன்றும் உண்டு. 'அடுத்த பக்கத்தில் உள்ள தேற்றம்' என்று எழுதும்படி கணிப்பொறியை ஏவினால், சில சமயம் அச்சொற்களாலேயே வரி நீண்டு, சுட்டும் வாக்கியம் தேற்றம் இருக்கும் பக்கத்துக்கே போய்விடும். மறு ஓட்டத்தில் அச்சொற்கள் தேவையில்லை என்று நீங்கும், வரி குறுகும், வாக்கியம் பழைய பக்கத்துக்குத் திரும்பும். மறுபடி 'அடுத்த பக்கம்'. எத்தனை முறை ஓட்டினாலும் 'குறிகள் மாறியிருக்கக்கூடும், மீண்டும் ஓட்டுக' என்றே அறிவிப்பு வந்துகொண்டிருக்கும். மனிதர் ஒருவர் தலையிட்டு ஒரு வாக்கியத்தை மாற்றி எழுதினால்தான் தீரும். எல்லாவற்றையும் இயந்திரத்திடம் விட்டுவிடலாம் என்பவர்களுக்கு நாம் இதைக் காட்டுவது வழக்கம்.

பெரிய கட்டுரைகளில் இதன் அருமை இன்னும் விளங்கும். நம் போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்துக்கு அருகே, நியூட்ரினோ ஆராய்ச்சிக்கூடம் அமைக்க உத்தேசித்தார்களே, அங்கே வைப்பதாக இருந்த ஐம்பதாயிரம் டன் காந்த இரும்புக் கருவியால் எவற்றையெல்லாம் அறியலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கூட்டாக எழுதிய நீண்ட கட்டுரை 2017-இல் 'பிரமாணா' பத்திரிகையில் வெளிவந்தது. நூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. பல கைகள் எழுதியது. ஆராய்ச்சிக்கூடத்துக்கு எதிர்ப்புப் பலமாக எழுந்தது. தமிழக அரசும் 2022-இல் உச்சநீதிமன்றத்தில் தன் மறுப்பைத் தெரிவித்தது. மலை இருந்தபடியே இருக்கிறது. அந்த வாதத்துக்குள் நாம் போகவில்லை. ஒருவர் தம் அத்தியாயத்தில் ஒரு படத்தைச் சேர்த்தால் இன்னொருவர் அத்தியாயத்தில் எண் மாறக்கூடிய அப்படிப்பட்ட நூலைக் கையால் எண் போட்டுக் காப்பாற்ற எவராலும் முடியாது என்பதே நாம் சொல்ல வந்தது.

அந்தப் பெண் இரண்டு மாலை நம் வீட்டுக்கு வந்தாள். கையால் எழுதிய ஒவ்வோர் எண்ணாக எடுத்து, 'இதை எழுதியபோது எதை நினைத்தாய்?' என்று கேட்டுக் கேட்டுப் பெயர் சூட்டினோம். அப்படிக் கேட்டபோது, பிசகியிருந்த மற்றோர் எண்ணும் அகப்பட்டது. அதை நிபுணரும் கவனித்திருக்கவில்லை. மூன்றாம் நாள், நடந்ததை விளக்கி ஒரு கடிதமும் எழுதிக் கட்டுரையை மறுபடி அதே பத்திரிகைக்கு அனுப்பினாள். பத்திரிகாசிரியர் அதைப் புதிதாகப் பரிசீலிக்க இசைந்தார்.

ஐந்து மாதம் பதிலில்லை. அதற்குள் ஏலக்காய் ஒரு பறிப்பு முடிந்துவிட்டது. உபகாரச் சம்பளமும் கடைசித் தவணைக்கு வந்துவிட்டது. பிறகு பதில் வந்தது. அதே நிபுணர். நிரூபணம் சரியென்று ஒப்புக்கொண்டிருந்தார். ஒரே ஒரு யோசனை மட்டும் கூறியிருந்தார்: தொடக்கத்தில் பாடப் புத்தகத்தைச் சுட்டிவிட்டுப் போகும் இடத்தில், வாசகரின் சௌகரியத்துக்காக அந்தத் துணைத்தேற்றத்தையே முழுமையாக எழுதிவிட்டால் நலம். அதாவது, பேராசிரியர் எடுத்துவிடச் சொன்ன அதே 2-ஆவது துணைத்தேற்றம்!

கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு அந்தப் பெண் சிரித்தாள். நம் மேஜைக்கு எதிரிலேயே உட்கார்ந்து பழைய கோப்பிலிருந்து அதை எடுத்து, இருந்த இடத்திலேயே சேர்த்து, 'பழையது' என்று ஒரு பெயரும் சூட்டினாள். இரண்டு தடவை ஓட்டினாள். 2 என்பது 3 ஆயிற்று. 5 என்பது 6 ஆயிற்று. 6 என்பது 7 ஆயிற்று. 7-இன் நிரூபணத்துக்குள்ளே '6-ஆவது துணைத்தேற்றத்தால்' என்று வந்து நின்றது. அன்று மாலையே அனுப்பிவிட்டாள். ஆசிரியரின் முடிவு இன்னும் வரவில்லை. தாயார் கிடங்கிலிருந்து திரும்பும்போதெல்லாம் நம் வாசலில் நின்று, கடிதம் வந்ததா என்று விசாரித்துவிட்டுப் போகிறார்.